கூடப் பிறந்தவர் இல்லாத வகுப்பு

14

சுகந்தா டீச்சர் வீட்டுச் சமையலறையில், வாஷிங் மெஷினுக்கும் சுவருக்கும் நடுவே, பூப்போட்ட பழைய விரிப்பால் சுற்றி நைலான் கயிறு போட்டுக் கட்டிய பெட்டி ஒன்று நிற்கிறது என்று போன வாரம் சொல்லியிருந்தேன். இந்த வாரமும் அது அங்கேயேதான் நிற்கிறது.

"தன்ர பழைய குப்பையையும் என்ர தலையில கட்டிப்போட்டுப் போயிருக்கிறாள்" என்று டீச்சர் அதைத் திட்டாத வாரமில்லை. ஆகஸ்டில் தொடங்கிய திட்டு, நவம்பர் வந்தும் ஓயவில்லை. ஆனால் தூக்கி எறியவும் இல்லை, அவிழ்த்துப் பார்க்கவும் இல்லை.

எனக்கெப்படித் தெரியும் என்கிறீர்களா? இங்கே வளைகுடாவில், மங்காஃபில் எங்கள் கட்டடத்தில் எதிரெதிர் வீட்டுச் சமையலறை ஜன்னல்கள் இரண்டும் ஒரே காற்றுக் கூண்டுக்குள் திறக்கும். புகை வெளியே போகட்டும் என்று கட்டியிருக்கிறார்கள். புகை போவதில்லை, பேச்சுதான் போகிறது. நான் ஒட்டுக் கேட்பவள் இல்லை. வெங்காயம் நறுக்குகிறேன், அவ்வளவுதான். வெள்ளிக்கிழமைகளில் கொஞ்சம் கூடுதலாக நறுக்குவேன்.

இந்த வாரம்தான் முதன்முதலாக எட்டிப் பார்ப்பவர்களுக்கு இரண்டு வரி சொல்லிவிடுகிறேன்.

டீச்சர் யாழ்ப்பாணம், கோண்டாவில். ஆங்கிலத்தில் எம்.ஏ. பதினேழு வருடமாக இங்கே ஒரு பள்ளிக்கூடத்தில் ஆங்கிலம் நடத்துகிறார். கணவர் மகேசன் அண்ணன் சரக்குக் கம்பெனியில் ஆபீஸ் வேலை. அதிகம் பேசமாட்டார். பேசினால் சரியான விஷயத்தைத் தப்பான நேரத்தில் சொல்லிவைப்பார். டீச்சருக்கு ஆறு வயது இளைய தங்கை கஜந்தினி, கனடாக் குடிமகள். அங்கே கல்யாணம் முறிந்து, மே மாதம் விசிட் விசாவில் அக்கா வீட்டுக்கு வந்து, ஹால் சோபாவில் மூன்று மாதம் இருந்தாள்.

அந்த நேரத்தில்தான் சீனாவில் ஒரு பல்கலைக்கழகம் ஆங்கில ஆசிரியர் தேடுகிற விளம்பரம் வந்தது. கண்டுபிடித்தவர் சுகந்தா டீச்சர். பதினான்கு சான்றிதழை ஸ்கேன் செய்து அனுப்பினார். மறுநாள் காலையே பதில் வந்துவிட்டது. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ள ஏழு நாட்டுக் கடவுச்சீட்டு இருந்தால் மட்டுமே ஆள் எடுப்பார்களாம். டீச்சரின் ஆங்கிலத்தை அவர்கள் கேட்கவே இல்லை. அட்டையைப் பார்த்தார்கள்.

"அப்ப எங்கட கஜந்தியிட்டக் கனடாப் பாஸ்போட் இருக்குத்தானே?" என்றார் மகேசன் அண்ணன், தோசையைப் பிய்த்துக்கொண்டே.

அந்த ஒரு வாக்கியத்துக்காக இன்றுவரை அவருக்கு வீட்டில் சம்பல் உறைப்பாகத்தான் விழுகிறது.

கஜந்தினி படித்தது ஹோட்டல் நிர்வாகம். பார்த்த வேலை பல் கிளினிக்கில் முன்மேசை. நூற்றிருபது மணிநேர ஆன்லைன் சான்றிதழ் ஒன்றை எடுத்துச் சொருகினாள். விரிப்பு சுற்றிய அந்தப் பெட்டியை அக்கா வீட்டில் விட்டுவிட்டு, ஆகஸ்ட் கடைசியில் சாங்ஷா நகரத்தில் போய் இறங்கிவிட்டாள்.

இதில் இன்னொரு எரிச்சலும் உண்டு. அந்தக் கனடாவே டீச்சருக்கு வந்திருக்க வேண்டியது. ரொறொன்ரோவில் இருந்த சின்னம்மா ஒரு பிள்ளையைத் தத்தெடுத்துக்கொள்கிறேன் என்று பேப்பர் அனுப்பியபோது பெரியவள் உயர்தரப் பரீட்சைக்கு உட்கார்ந்திருந்தாள். "அவள் சோதினை எழுதி முடிக்கட்டும், சின்னது முதல்ல போகட்டும்" என்று அம்மா ராசம்மா முடிவெடுத்தார். அடுத்த வருடம் பெரியவளுக்கு வயது தாண்டிவிட்டது. விமானத்தில் போன பன்னிரண்டு வயதுக் குழந்தைக்கு இதெல்லாம் தெரியாது என்று டீச்சரே என்னிடம் சொல்லியிருக்கிறார். "அவளுக்குத் தெரியாது நஸீரா அக்கா. அதுதான் எனக்கு இன்னும் விசர் வாறது."

---

சீனாவில் கஜந்தினிக்குக் கிடைத்த வரவேற்பை வாராவாரம் வீசாட் வீடியோவில் நாங்களும் பார்த்தோம்.

வளாகத்துக்குள்ளேயே வீடு, ஆறாவது மாடி. லிஃப்ட் கிடையாது. கட்டில் பலகைபோல் இருக்க, மூன்று பருத்தி மெத்தை வாங்கி அடுக்கியும் முதுகு ஒத்துக்கொள்ளவில்லை. குளிக்கும் குழாய் கக்கூஸுக்கு நேர் மேலே. "அக்கா, பாத்ரூம் முழுக்க ஷவர், ஷவர் முழுக்க பாத்ரூம்!" என்று சிரித்தாள். கேன்டீனில் மிளகாய், நம் ஊர் மிளகாயையே அழவைக்கும் மிளகாய். மதியம் பன்னிரண்டிலிருந்து இரண்டுவரை பல்கலைக்கழகமே படுத்துத் தூங்கிவிடும். மாணவர்கள் தங்களுக்குத் தாங்களே ஆங்கிலப் பெயர் வைத்துக்கொண்டிருந்தார்கள். விண்டர், லெமன், செவன். ஒருத்தன் பெயர் டியூஸ்டே.

இரண்டாவது வாரம் போன் வந்தபோது சிரிப்பு இல்லை.

"அக்கா, நைன்டி மினிட்ஸ்! நைன்டி மினிட்ஸ் நான் என்னத்தைக் கதைக்கிறது? அவை என்னையே பாத்துக்கொண்டு இருக்கினம்."

அன்றிலிருந்து வியாழக்கிழமைகளில் பள்ளி விட்டு வந்ததும் டீச்சர் மடிக்கணினியைத் திறப்பார். நிமிடம் நிமிடமாகப் பாடம் தயாரிப்பார். பக்காலா மளிகைக் கடைக்குப் போனில் தக்காளி சொல்லி, பையன் தக்காளி சாஸ் கொண்டுவந்து நிற்க, அதற்குப் புகார் சொல்வது ஒரு பாடம். லிஃப்டில் மாட்டிக்கொண்ட மூன்று பேர் ஒரு பாடம். மங்காஃப் சமையலறையில் எழுதிய நாடகம் சாங்ஷாவில் அரங்கேறும். முப்பத்தெட்டுப் பேரும் கைதட்டுவார்கள். படம் ஃபேஸ்புக்கில் வரும். "என் வகுப்பு, என் செல்வங்கள்" என்று கஜந்தினி எழுதியிருப்பாள்.

டீச்சர் அதற்கு ஒரு கட்டைவிரல் மட்டும் போடுவார். இதயம் போடமாட்டார்.

செப்டம்பர் பத்து அங்கே ஆசிரியர் தினமாம். கஜந்தினி கைகொள்ளாத பூங்கொத்தோடு நின்றாள், வேலைக்குச் சேர்ந்து பத்தே நாளில். பதினேழு வருடத்தில் டீச்சருக்குப் பள்ளியில் கிடைத்தது ஒரு பேனா. அதுவும் எல்லா ஆசிரியர்களுக்கும், பஸ் டிரைவருக்கும் கொடுத்த அதே பேனா.

நானும் அந்தப் பூவைப் பார்த்துப் பெருமூச்சு விட்டேன் என்பதை மறைப்பானேன்? அதிராம்பட்டினத்தில் எட்டாவதோடு நிறுத்திய எனக்கே அப்படி இருந்தால், எம்.ஏ.வுக்கு எப்படி இருக்கும்!

---

இனி இந்த வாரத்துச் சங்கதி.

வெள்ளிக்கிழமை மதியம் இரண்டு மணிக்குக் கஜந்தினிக்குப் பார்வையிடும் வகுப்பு. எங்கள் கணக்கில் காலை ஒன்பது. ஓய்வுபெற்ற மூன்று பேராசிரியர்கள் கையில் தெர்மாஸ் குடுவையோடு கடைசி வரிசையில் வந்து உட்கார்வார்கள். குறிப்பெடுப்பார்கள். அவர்களுக்குத் திருப்தி என்றால் இரண்டாம் பருவமும் வேலை உண்டு. இல்லையென்றால் ஜனவரியோடு பெட்டியைக் கட்ட வேண்டியதுதான்.

"அக்கா, இந்தக் கிழமை பெஸ்டா ஒண்டு குடுங்கோ. பிளீஸ்" என்று கெஞ்சியிருந்தாள்.

வியாழன் மாலை நான்கு மணிக்கு டீச்சர் பாடத்தை அனுப்பிவிட்டார். தலைப்பு: உன் அண்ணன் தம்பி அக்கா தங்கையோடு போட்ட சண்டை. முதல் பத்து நிமிடம் ஒவ்வொருவரும் ஒரு சண்டையைச் சொல்ல வேண்டும். அடுத்து இருவர் இருவராக அதை நடிக்க வேண்டும். கடைசியில் அந்தக் கூடப் பிறந்தவருக்கே ஒரு கடிதம் எழுத வேண்டும்.

அழகான பாடம். ஒரே ஒரு குறை. அந்த வகுப்பில் முப்பத்தெட்டுப் பேரில் முப்பத்தொரு பேருக்குக் கூடப் பிறந்தவரே இல்லை. அரசாங்கம் ஒரு பிள்ளை போதும் என்று சொன்ன காலத்தில் பிறந்தவர்கள். கஜந்தினியே போன வாரம் வீடியோவில், "பாவம் அக்கா, சண்டை பிடிக்க வீட்டில ஆள் இல்லாத பிள்ளையள்" என்று எண்ணிச் சொன்னாள். நான் கேட்டேன். டீச்சரும் கேட்டார். தலையைக்கூட ஆட்டினார்.

---

வெள்ளி காலை ஏழரை மணி. நான் வெங்காயத்தைக் கையிலெடுத்தேன்.

ஊரிலிருந்து ராசம்மாவின் போன். ஸ்பீக்கரில் போட்டிருந்தார்கள், நல்லதாய்ப் போயிற்று.

"பிள்ளை, இண்டைக்குக் கஜந்திக்குப் பெரிய சோதினையாம். நான் கோயில்ல அர்ச்சனைக்குக் குடுத்திட்டு வாறன்."

"தெரியும் அம்மா."

"யூனிவேசிற்றியில படிப்பிக்கிற பிள்ளை எண்டு ஐயரிட்டச் சொன்னனான். பக்கத்தில நிண்ட சனமெல்லாம் திரும்பிப் பாத்தது."

"ம்."

"உன்ர பேரிலயும் ஒண்டு செய்திருக்கலாம். மறந்துபோனன். நீயும் படிப்பிக்கிறாய்தானே... சின்னப்பிள்ளையளுக்கு."

போன் வைக்கப்பட்டது. பாத்திரம் ஒன்று வேண்டியதைவிடக் கொஞ்சம் பலமாக வைக்கப்பட்டது.

மகேசன் அண்ணன் புட்டு அவித்துக்கொண்டிருந்தார். வெள்ளிக்கிழமை அவர்கள் வீட்டில் சைவம். அடுப்பும் அண்ணன் பொறுப்பு.

"என்னப்பா, நீர் ஏன் விடியவே முகத்தைத் தூக்கி வைச்சுக்கொண்டு நிக்கிறீர்? உம்மட பாடம்தானே. அவள் வெண்டுபோடுவாள்."

"வெல்லாட்டி?"

"வெல்லாட்டி என்ன, தை மாசம் திரும்பி இஞ்சதான் வருவாள். கனடாவில அவளுக்கு இப்ப ஆர் இருக்கினம்? சின்னம்மாவும் இல்லை, அவனும் இல்லை." புட்டுக் குழலைத் தட்டினார். "அந்தச் சோபா உறையைத் தோய்க்கக் குடுக்கட்டே?"

அந்தச் சோபாவை எனக்குத் தெரியும். கறிவேப்பிலை கேட்டு, மிக்ஸி ஜார் கேட்டு நான் போன போதெல்லாம் கஜந்தினி அதில் சுவரைப் பார்த்துப் படுத்திருப்பாள். மே முழுக்க அப்படித்தான். சாப்பிடக் கூப்பிட்டால் "பிறகு" என்பாள். ஜூனில் எழுந்து உட்கார்ந்தாள். ஜூலையில் அந்த விளம்பரம் வந்த பிறகுதான் தலை வாரினாள். டீச்சர் அவள் தலையில் நல்லெண்ணெய் வைத்துத் தேய்த்ததும், தேய்த்துக்கொண்டே திட்டியதும் எனக்குத் தெரியும்.

அடுத்த சத்தம், மடிக்கணினி திறக்கும் சத்தம். விசைகள் படபடவென்று அடித்தன.

என்னால் அதற்குமேல் தாங்க முடியவில்லை. கறிவேப்பிலைக்குக் கிண்ணத்தை எடுத்துக்கொண்டு கிளம்பினேன். எங்கள் வீட்டில் கறிவேப்பிலை இருந்தது. அது வேறு விஷயம்.

---

கதவைத் திறந்த மகேசன் அண்ணன், "வாங்கோ, வாங்கோ. நல்ல நேரத்தில வந்தனீங்கள்" என்றார். என்ன நடக்கிறதென்று அவருக்கே தெரியாது என்பது முகத்தில் இருந்தது.

டீச்சர் சமையலறை மேசையில் உட்கார்ந்து புதுப் பாடம் ஒன்றை அடித்துக்கொண்டிருந்தார்.

"நஸீரா அக்கா, நான் ஒரு வேலை செய்துபோட்டன்."

சொன்னார். மேலே நான் உங்களுக்குச் சொன்ன அத்தனையும் சொன்னார். அண்ணன் புட்டுக் குழலைக் கையில் பிடித்தபடியே நின்றார்.

"மறந்துபோய் எழுதினனீரோ?" என்று கேட்டார், டீச்சருக்குத் தப்பிக்க ஒரு வழி விட்டு.

"இல்லை. தெரிஞ்சுதான்."

"ஏனப்பா?"

"ஒருநாள், ஒரேயொரு நாள், அந்தப் பிள்ளையள் அவளைப் பாத்துக் கை தட்டாம இருக்கட்டும் எண்டு நினைச்சன். அவ்வளவுதான். சோபாவை நான் நினைக்கேல்லை."

"அட டீச்சரே! எம்.ஏ. படிச்சவங்க செய்யுற வேலையா இது?" என்றேன் நான், ஒரு நாற்காலியை வாகாக இழுத்துப் போட்டுக்கொண்டே.

மணி எட்டு இருபது. அங்கே ஒன்று இருபது. டீச்சர் புதுப் பாடத்தை அனுப்பினார். அழைத்தார். மணி அடித்து அடித்து ஓய்ந்தது. மறுபடி அழைத்தார். ஏழு முறை.

"நித்திரையாயிருப்பாள். மத்தியானம்தானே" என்றார் அண்ணன்.

"இல்லை. போனைச் சத்தமில்லாமப் போட்டிருக்கிறாள்." டீச்சர் நெற்றியில் கை வைத்துக்கொண்டார். "நான்தான் சொன்னனான். சோதினை நாளில போனைப் பாக்காத, பதட்டம் கூடும், நல்லாப் படுத்தெழும்பு, நேர வகுப்புக்குப் போ எண்டு."

"வகுப்புக்குப் போனதும் பார்ப்பா இல்ல?" என்றேன் நான்.

"அங்க சுவரில துணிப்பை தொங்குது நஸீரா அக்கா, நம்பர் போட்டு. பிள்ளையள் எல்லாரும் போனை அதில போட்டிட்டுத்தான் இருக்க வேணும். முதல் கிழமை ஒருத்தரும் போடேல்லையாம். நீ முதல் ஆளாப் போடு, பிறகு அவை போடுவினம் எண்டு சொல்லிக் குடுத்தனான். முப்பத்தொன்பதாம் நம்பர் பை அவளுக்கு."

மகேசன் அண்ணன் மெதுவாகச் சொன்னார், "நீர் சொன்னது ஒண்டையும் அவள் தட்டிறேல்லை."

சரியான விஷயம். தப்பான நேரம். டீச்சரின் கண் நிறைந்துவிட்டது.

ஒன்பது மணி ஆனது. பிறகு ஒன்பது பத்து. "இப்ப கேட்டிருப்பாள்" என்றார் டீச்சர். புட்டு ஆறியது. ஒன்பதே முக்காலுக்கு அங்கே பத்து நிமிட இடைவேளை. போனை நடுவில் வைத்து மூவரும் பார்த்துக்கொண்டிருந்தோம். அது தன் கறுப்பு முகத்தைக் காட்டிக்கொண்டு கிடந்தது. இடைவேளை முடிந்தது.

"இடைவேளைக்கும் எடுக்கேல்லை எண்டா அழுதுகொண்டு நிக்கிறாள் போல" என்றார் டீச்சர்.

பக்கத்தில் பூப்போட்ட விரிப்புக்குள் பெட்டி நின்றது. டீச்சர் அதை ஒருமுறை பார்த்தார். அன்று திட்டவில்லை.

---

பத்தே முக்காலுக்குப் போன் அடித்தது.

திரையில் கஜந்தினி. பின்னால் வெறும் கரும்பலகை. கன்னம் சிவந்திருந்தது. அழுததா குளிரா என்று தெரியவில்லை.

"அக்கா."

"சொல்லு. என்ன நடந்தது?"

"ஃபர்ஸ்ட் டென் மினிட்ஸ் ஒரு சத்தமும் இல்லை. ஆருக்குக் கூடப் பிறந்தவையோட சண்டை எண்டு கேட்டன். முப்பத்தெட்டுப் பேரும் மேசையைப் பாத்துக்கொண்டு இருந்தவை. ஏழு பேருக்குத் தம்பி தங்கச்சி இருக்குத்தான், அவையும் வாய் திறக்கேல்லை. பின்னால மூண்டு பேரும் எழுதத் தொடங்கிட்டினம்."

டீச்சர் புடவைத் தலைப்பைக் கையில் சுற்றிக்கொண்டார்.

"பிறகு விண்டர் எழும்பினாள். 'டீச்சர், எங்களுக்கு அப்பிடி ஒருத்தரும் இல்லை. அது எப்பிடி இருக்கும் எண்டு எங்களுக்குத் தெரியாது. நீங்களே சொல்லுங்கோ' எண்டாள்."

"நீ என்ன சொன்னனீ?"

"எனக்கு ஒரு அக்கா இருக்கிறா எண்டு சொன்னன். உங்களைப் பற்றித்தான் அக்கா, முக்கால் மணித்தியாலம். நிப்பாட்டவே விடேல்லை. பிறேக்குக்கும் ஒருத்தரும் எழும்பிப் போகேல்லை." மூச்சு வாங்கினாள். "அதுக்குப் பிறகுதான் அக்கா விசேஷம். கடைசி வரிசையில அந்த மூத்த புறொஃபெசர் பேனையை மூடிப்போட்டு எழும்பிட்டார். அவர் சைனீஸில ஏதோ சொன்னார். லெமன் ட்ரான்ஸ்லேட் பண்ணினான். அவருக்கு நாலு அண்ணன்மாராம்! வத்தாளங் கிழங்குக்கு அடிபட்டதைச் சொல்லுறார். மற்ற ரெண்டு பேரும் தங்கட அக்கா தங்கச்சியைச் சொல்லுகினம். அந்தக் காலத்து ஆக்கள்தானே, வீட்டில அஞ்சாறு பேர். பிள்ளையள் கேள்வி கேக்க, அவை மறுமொழி சொல்ல, ஒரே சிரிப்பு. ஒரு புறொஃபெசர் கண்ணைத் துடைச்சவர்."

"அப்ப..."

"பாஸ் அக்கா. ரெண்டாம் டேர்மும் நான்தான்."

"அல்ஹம்துலில்லாஹ்!" என்று கத்தியது நான். மகேசன் அண்ணன் புட்டுக் குழலையே பூங்கொத்துபோல் ஆட்டினார். டீச்சரின் தோள் இறங்கியது. அப்பாடா என்ற அந்த முகத்தில், அரை நிமிடம்கூட ஆகவில்லை, வேறொன்று வந்து உட்கார்ந்ததை நான் பார்த்தேன். கவிழ்க்க அனுப்பிய பாடத்துக்கும் கைதட்டல் வாங்கிவிட்டாளே! இந்த மனுஷிக்குப் பொறாமைப்படக்கூட நிம்மதியாக ஓரிடம் கிடைக்க மாட்டேன் என்கிறது.

கஜந்தினி போனை மேசையில் நிறுத்திவைத்து, நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"அக்கா, போன கிழமை நான் உங்களுக்குச் சொன்னனான். இந்தப் பிள்ளையளுக்குக் கூடப் பிறந்தவை இல்லை எண்டு."

டீச்சர் புடவைத் தலைப்பை இன்னொரு சுற்றுச் சுற்றினார்.

"மறந்துபோச்சோ?"

"ஓம். மறந்துபோனன்."

"நீங்கள் மறக்கிற ஆளில்லையே அக்கா." குரலில் கோபம் இல்லை. கோபம் இருந்திருந்தால் டீச்சருக்குச் சுலபமாக இருந்திருக்கும். "சரி. வாற கிழமைப் பாடத்தை நானே செய்யிறன். இனி எனக்கு ஓரளவுக்கு வரும்."

"நான் செய்து தாறன், கஜந்தி. எனக்கு ஒரு கரைச்சலும் இல்லை."

"வேண்டாம் அக்கா. நீங்கள் களைச்சுப்போனீங்கள்."

திரை அணைந்தது.

டீச்சர் மடிக்கணினியைப் பார்த்தார். வியாழக்கிழமை மாலை நான்கு மணி என்று ஒன்று இனி அவருக்கு இல்லை. அந்தப் பல்கலைக்கழகத்தில் அவருக்கு இருந்தது ஒரே ஒரு நாற்காலி, கண்ணுக்குத் தெரியாத நாற்காலி. அதைத் தன் கையாலேயே எடுத்து வெளியே போட்டுவிட்டார்.

"தேத்தண்ணி போடட்டே?" என்றார் அண்ணன். அதையாவது சரியான நேரத்தில் சொன்னார், அதிசயமாக.

---

தேநீர் கொதிப்பதற்குள் போன் டிங் என்றது. பிறகு இன்னொரு டிங். அதன்பிறகு நிற்கவில்லை. படம் படமாக வந்துகொண்டே இருந்தது. கோடு போட்ட தாளில் கையால் எழுதிய ஆங்கிலக் கடிதங்கள். மேலே கஜந்தினியின் ஒரு வரி மட்டும் இருந்தது: அவர்களுக்குக் கடிதம் எழுத ஆளில்லை, உங்களுக்கு எழுதச் சொன்னேன்.

டீச்சர் முதல் கடிதத்தைத் திறந்தார். வாசித்தார். பாதியில் போனை மேசையில் கவிழ்த்து வைத்துவிட்டு, ஜன்னல் பக்கம் திரும்பி நின்றுகொண்டார்.

எனக்கு ஆங்கிலம் அவ்வளவு ஓடாது. அதைவிட அவஸ்தை உண்டா? "அண்ணே, நீங்க வாசிங்க" என்றேன். மகேசன் அண்ணன் கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, தமிழில் சொல்லிச் சொல்லி வாசித்தார்.

"அன்புள்ள அக்காவுக்கு. என்ர பேர் விண்டர். எனக்கு அக்கா இல்லாதபடியால் டீச்சர் உங்களை எங்களுக்கு இரவல் தந்திருக்கிறா. தனக்குத் தெரிஞ்ச எல்லாத்தையும் நீங்கள்தான் படிப்பிச்சனீங்களாம். நாங்கள் நடிச்ச தக்காளி நாடகமும் நீங்கள் எழுதினதாம். எங்களுக்கு அது நல்ல விருப்பம்."

அண்ணன் மூக்கை உறிஞ்சினார். தொடர்ந்தார்.

"டீச்சர் பன்னிரண்டு வயசில பிளேனில போகேக்க, தன்ர பெட்டியில உங்கட பேர்தான் எழுதியிருந்தது எண்டு சொன்னா. வெள்ளைப் பெயின்டில. உங்களுக்கெண்டு வாங்கின பெட்டி எண்டு அப்பவே தனக்கு விளங்கிட்டுதாம். ரொறொன்ரோவில அந்தப் பெட்டி சுத்திச் சுத்தி வர, தான் எடுக்காமல் மூண்டு சுத்துப் பாத்துக்கொண்டு நிண்டவவாம். ஏனெண்டால் அது தன்ர பெட்டி இல்லையாம்."

டீச்சர் திரும்பவில்லை. முதுகு மட்டும் தெரிந்தது.

"அவளுக்குத் தெரிஞ்சிருக்கு" என்றார். எங்களிடம் சொல்லவில்லை.

"இன்னும் கொஞ்சம் கிடக்கு" என்றார் அண்ணன். "எங்களுக்கு ஒரு கேள்வி. அந்தப் பெட்டியை உங்கட வீட்டில விட்டிட்டு வந்திருக்கிறாவாம். நீங்கள் இன்னும் திறந்து பாக்கேல்லையா?"

மூன்று பேரும் வாஷிங் மெஷின் பக்கம் திரும்பினோம்.

அந்த நேரம் பார்த்துக் காற்றுக் கூண்டு வழியாக எங்கள் வீட்டுக்காரர் குரல் வந்தது. "நஸீரா! ஜும்மாவுக்கு நேரமாச்சு, ஜிப்பாவை இஸ்திரி போட்டியா இல்லியா? கறிவேப்பில பறிக்க ஊருக்கே போயிட்டியா?"

கல்யாணமாகி இருபத்திரண்டு வருடத்தில் அந்த மனிதர் இதைவிடப் பெரிய துரோகம் எனக்குச் செய்ததில்லை. வெறும் கிண்ணத்தோடு எழுந்தேன். யாரும் உட்காரச் சொல்லவில்லை.

ஜிப்பாவை ஒரு பக்கம் மட்டும் தேய்த்துக் கொடுத்து அவரை அனுப்பிவிட்டு, கத்தியும் வெங்காயமுமாக ஜன்னலடிக்கு ஓடினேன்.

பெட்டியைத் தரையில் இழுக்கும் சத்தம். "கத்தியைத் தாங்கோ." நைலான் கயிறு அறுபட்டது. துணி விலகியது. பிறகு மகேசன் அண்ணன், "பேர் இருக்கப்பா. அழியேல்லை."

கொக்கிகள் இரண்டு. டக். டக்.

மூடி திறந்தது. ஒரு மூச்சு நின்றது, இங்கே என் மூச்சா அங்கேயா என்று சொல்ல முடியாது.

"சுகந்தா," என்றார் அண்ணன், நான் அதுவரை அவரிடம் கேட்டிராத ஒரு குரலில். "இந்தக் கடிதமெல்லாம் உம்மட கையெழுத்தெல்லே?"

வெங்காயம் எப்போதோ தீர்ந்துவிட்டிருந்தது. நான் வெறும் பலகையை நறுக்கிக்கொண்டு நின்றேன்.